கீமோ முடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

கழுத்தில் ஒரு கட்டியாக ஆரம்பித்த ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2012இல் சென்னையில் சிகிச்சை முடித்தேன். மூன்று வருஷம் கழித்து, 2015 ஆகஸ்டில், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் பெட்டியை இறக்கினேன். பெட்டியில் பருப்புப் பொடி இருந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது, ஒன்றரைக் கிலோ கனத்தில் ஆஸ்பத்திரி ஃபைலும் இருந்தது. பொடியும் ஊறுகாயும் ஒரு மாதத்தில் தீர்ந்தன. ஃபைல் ஒரு வருஷம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

அடுத்த வருஷம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளையணு குறைவு, பிளேட்லெட் 62,000. "முன்னாடி ஏதாவது பெரிய வியாதி இருந்ததா?" என்று கேட்டார் டாக்டர். சொன்னேன். அவர் முகம் மாறியது. என்னென்ன கீமோ என்றார். "ஒரு சிவப்பு மருந்து, டாக்டர்... இன்னும் மூணு" என்றேன். அதற்குமேல் ஒரு பெயரும் வாயில் வரவில்லை. எலும்பு மஜ்ஜை சோதனைக்கு எழுதிக் கொடுத்து, வலிக்கு ஓர் ஊசியும் போட்டு அனுப்பினார். அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்தேன். மறுநாள் வேறொரு டாக்டர் முதல் வேலையாக டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை எடுத்தார். டெங்குதான். முந்தின நாள் போட்ட அந்த வலி ஊசி டெங்குவில் போடவே கூடாத வகை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துதான் நான் என் ஒரு பக்கத் தாளை எழுதினேன். இதில் வேறு எதைப் படிக்காவிட்டாலும், அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு பக்கம்

புது ஊரில் உங்கள் உடம்பின் கதை தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அங்கே ஃபைலைப் புரட்டிப் பார்க்க எந்த டாக்டருக்கும் நேரம் கிடையாது. ஏ4 தாளில், ஒரே பக்கத்தில், இருபது வினாடியில் படிக்கிற மாதிரி எழுதுங்கள். மருந்துப் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் டைப் அடித்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

நோய்: ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, இரண்டாம் நிலை, கழுத்தும் நெஞ்சும்.
கீமோ: ஏ.பி.வி.டி. (நாலு மருந்துக் கூட்டு), 6 சைக்கிள், 12 தடவை, 2012.
அதில் டாக்சோருபிசின் மொத்தம்: உடல்பரப்பு சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம்.
பிளியோமைசின்: உண்டு.
ரேடியேஷன்: கழுத்து, நடுநெஞ்சு, 30 கிரே (கதிர் அளவு).
கடைசி ஸ்கேன்: தேதி, முடிவு ஒரே வரியில்.
ரத்தம் ஏற்ற நேர்ந்தால்: கதிரூட்டப்பட்டது மட்டும்.
இப்போது சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, ஊரில் பார்த்த ஆங்காலஜிஸ்ட்டின் (புற்றுநோய் டாக்டர்) ஈமெயில்.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. டாக்சோருபிசின் என்பதுதான் அந்தச் சிவப்பு மருந்து. போட்ட அன்று மூத்திரமும் சிவப்பாகப் போகும், முதல் தடவை பார்த்தால் அடிவயிறு கலங்கும். அது இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. அதனால் ஆயுளுக்கும் சேர்த்து ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம். நாளைக்கு நோய் திரும்பினாலோ, வேறு புற்றுநோய் வந்தாலோ, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் இதே குடும்பத்து மருந்து பலருக்குப் போடப்படுகிறது. அவர்களுக்கும் இந்த வரி அவசியம். டிராஸ்டுசுமாப் போட்டிருந்தால் அதையும் சேருங்கள், அதற்கும் இதயத்தோடு சம்பந்தம் உண்டு.

பிளியோமைசின் நுரையீரலைத் தொடுகிற மருந்து. பிற்காலத்தில் எந்த ஆபரேஷன் என்றாலும், அது வெறும் குடல்வால் ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும். அதிக ஆக்சிஜன் சிலருக்கு ஆகாது. எங்கள் ஆபீஸில் ஒரு வருஷம் ரெடாங் தீவுக்கு ஸ்கூபா டைவிங் கூட்டிப்போனார்கள். டாக்டரைக் கேட்டேன், வேண்டாம் என்றார். எல்லாரும் ஆழத்துக்குப் போக நான் கரையோரமாக முகமூடி போட்டு மீன் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது.

ரத்த வரி ஹாட்ஜ்கின்காரர்களுக்கு. தானம் செய்தவரின் ரத்தத்தில் இருக்கும் டி-செல்கள் நம் உடம்பையே தாக்குகிற அபூர்வமான, ஆனால் ஆபத்தான சிக்கல் ஒன்று உண்டு. அதைத் தவிர்க்கத்தான் கதிரூட்டப்பட்ட ரத்தம் என்று பிரிட்டனின் ரத்தவியல் வழிகாட்டுதல் ஆயுளுக்கும் சொல்கிறது. டெங்குவில் பிளேட்லெட் ஏற்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எனக்கு இது தெரியாது. நல்லவேளை, ஏற்றாமலே எண்ணிக்கை ஏறிவிட்டது.

இந்த விவரம் எதுவும் கையில் இல்லையா? ஊரை விட்டுக் கிளம்பும் முன் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய் சிகிச்சைச் சுருக்கம் என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, மொத்த டோஸ் அதில் பெரும்பாலும் இருக்காது. பயாப்சி அறிக்கையும் கடைசி ஸ்கேன் சி.டி.யும் வாங்குங்கள். தாளைப் போட்டோ எடுத்து போனிலும், ஒரு நகலை பாஸ்போர்ட் உறையிலும் வையுங்கள். ஃபைல் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும், பரவாயில்லை.

கிளம்பும் முன்

விசாவில் இரண்டு பாதை. ஆபீஸ் வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸில் வருகிறவர்களுக்குக் கம்பெனி சொல்லும் மருத்துவப் பரிசோதனையோடு முடியும். உணவகம், கட்டுமானம், தோட்டம் என்று தொழிலாளர் பெர்மிட்டில் வருகிறவர்களுக்கு ஃபோமேமா பரிசோதனை கட்டாயம். வேலைக்குத் தகுதியில்லை என்று சொல்லக்கூடிய நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. அதனால் அந்தப் பாதையில் வருகிறவர்கள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே விஷயத்தைப் பேசிவிடுங்கள். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால், திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு யார் காசு என்று கேளுங்கள்.

மாத்திரைகளை அதன் ஒரிஜினல் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, ஒரு மாதத் தேவைக்குள் கைப்பையில் கொண்டுவாருங்கள். பெரிய பெட்டியில் போடாதீர்கள், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் கஷ்டம். அதற்குப் பிறகு இங்கேயே வாங்கலாம், பிராண்டு பெயர் மாறும். மருந்தின் ஜெனரிக் பெயரை எழுதி வைத்துக்கொண்டால் எந்த பார்மசியிலும் பேச்சு சுலபம்.

இன்சூரன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுகிற இடம் இது. ஆஃபர் லெட்டரில் "மெடிக்கல் உண்டு" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை நம்பாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் கம்பெனியின் குரூப் பாலிசியில் மூன்றைக் கேளுங்கள்: ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் தருமா, தருமென்றால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், அவுட்பேஷன்ட் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பதற்கு உண்டா. நமக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றாவதுதான், ஃபாலோ அப் எல்லாம் படுக்காமல் நடப்பது. தனியாக பாலிசி எடுக்கப் போனால் பழைய நோயை விலக்கிவிடுவார்கள், அல்லது பிரீமியம் ஏறும். கேட்ட கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். 2013ஆம் வருஷத்து நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்கும் கேள்விக்குக் கவனமாக உண்மை சொல்வது நம் பொறுப்பு. மறைத்துக் கட்டிய பிரீமியம் கிளைம் போடுகிற அன்றைக்குக் காற்றில் போகும்.

தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கும்போது இன்சூரன்ஸ்காரர் அனுப்பும் உத்தரவாதக் கடிதத்துக்கு இங்கே எல்லாரும் ஜி.எல். என்பார்கள். "ஜி.எல். வந்துருச்சா?" என்பதுதான் கவுன்டரில் முதல் கேள்வி. அது வராதவரை டெபாசிட் கேட்பார்கள். அதற்கென்று கொஞ்சம் பணத்தைத் தொடாமல் வையுங்கள்.

ஆபீஸில் யாரிடம் எவ்வளவு

நான் எச்.ஆரிடம் சொன்னேன், மேனேஜரிடம் பாதி சொன்னேன், பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இது என் வழி, உங்களுக்கு வேறாக இருக்கலாம். மேனேஜரிடம் சொன்ன வாக்கியம் இது: "பழைய சிகிச்சை ஒண்ணுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அரை நாள் ஆஸ்பத்திரி போகணும். தேதி முன்கூட்டியே சொல்லிடறேன்." அவர் ஓகே என்றார், அவ்வளவுதான். உடல்நல விவரத்தை 2010ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனம் தேவைப்படும் தகவல் வகையில் வைத்திருக்கிறது. எச்.ஆருக்கு அனுப்பும் ஈமெயிலில் அந்தரங்கம் என்று குறிப்பிட்டால் போதும்.

லீவு விஷயத்தில் சட்டம் நமக்குச் சாதகம்தான். 1955ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு வருஷம் நிறையாதவருக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த 60 தனிக் கணக்கு, முன்பு மாதிரி அந்த 14, 18, 22 நாளை இதில் கழிப்பதில்லை. எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்) கிடைத்தால், லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரியப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சொல்லாமல் லீவு போட்ட கணக்கு. காய்ச்சலில் இதை மறக்காதீர்கள். எம்.சி.யைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் படுங்கள்.

கீமோ முடிந்து வருஷங்கள் ஆனாலும் சிலருக்கு மறதி, கவனச் சிதறல் இருக்கும். சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். மீட்டிங்கில் கேட்டதை உடனே எழுதுங்கள், கடினமான வேலையைக் காலையில் முடியுங்கள். நான் இன்றும் அப்படித்தான்.

டாக்டர் பிடிப்பது

வந்த முதல் இரண்டு மாதத்துக்குள், உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஓர் ஆங்காலஜிஸ்ட்டைப் பார்த்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது எதற்கு டாக்டர் செலவு என்று தோன்றும். காய்ச்சல் 39ஐத் தாண்டிய ராத்திரியில் புதிய டாக்டருக்கு ஆரம்பத்திலிருந்து கதை சொல்வதைவிட இது மலிவு.

லெம்பா பந்தாய் பக்கம் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், ஊருக்குள் கோலாலம்பூர் பொது மருத்துவமனை, புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம், இவையெல்லாம் அரசு சார்ந்தவை. குடியுரிமை உள்ளவர்களுக்குச் சில வெள்ளியில் (ரிங்கிட்) முடிகிற கட்டணம் வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. ஆனாலும் தனியாரோடு ஒப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தஞ்சோங் பூங்கா பக்கம் மவுண்ட் மிரியம் என்ற தனிப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூரில் ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிசில் இருக்கும் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966இலிருந்து நடக்கிறது. ஆலோசனையும் கூடிப் பேச ஆட்களும் கிடைக்கிற இடம். மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றம் 1994இல் வந்தது, பண உதவி பற்றிக் கேட்க விரும்பும் மலேசியக் குடும்பங்கள் அங்கே விசாரிக்கலாம்.

பெரிய ஸ்கேனை ஊருக்குப் போகும்போது எடுப்பது பலரின் வழக்கம், செலவு குறைவு. அப்படிச் செய்தால் ஒரே இடத்தில் எடுங்கள், பழைய படத்தோடு ஒப்பிட வசதி.

அப்புறம், இங்கே எல்லாரும் வைத்தியர்தான். முள்சீத்தா இலை, சாபா பாம்புப் புல் என்று அன்போடு கட்டிக் கொண்டுவந்து தருவார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். குடிப்பதற்கு முன் உங்கள் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று டாக்டரைக் கேளுங்கள். தம்புன் பொமலோ (பம்பளிமாஸ்) கூடச் சில மாத்திரைகளோடு சேரக்கூடாது.

காய்ச்சல், புகை, வியர்வை

நோய் திரும்பினால் வரும் அறிகுறிகளும் இந்த ஊரின் சாதாரணத் தொல்லைகளும் ஒன்றுபோலவே இருக்கும். நான் வந்து ஒரே மாதத்தில், 2015 செப்டம்பரில், புகைமூட்டம் வந்தது. ஜெரெபு என்பார்கள். சுமத்ராவில் எரிகிற காட்டுப் புகை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எனக்கு மூன்று வாரம் வறட்டு இருமல், தினமும் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தேன். புகை போனதும் இருமலும் போனது. காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியக் கேடு என்று கணக்கு. நெஞ்சில் ரேடியேஷன் பட்டவர்கள் அன்று வெளியே நடக்கப் போகாதீர்கள், என்95 முகக்கவசம் ஒரு பெட்டி வீட்டில் இருக்கட்டும்.

காய்ச்சல் என்றால் இந்த ஊரில் முதலில் டெங்குவைக் கேளுங்கள். பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் ஊசி எதுவும் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனமாக இருக்கவேண்டிய நாள்: விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். கீமோவோ மாத்திரைக் கீமோவோ இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் என்ன காய்ச்சல் என்று யோசிக்கவே வேண்டாம், 38ஐத் தொட்டதும் கிளம்புங்கள். அவசர எண் 999.

வியர்வையில் என் அளவுகோல் இது. கோலாலம்பூரில் எல்லாருக்கும் வியர்க்கும். ஏர்கான் ஓடும்போதே பனியனைப் பிழிகிற அளவு வியர்த்து, அது நாலைந்து ராத்திரி தொடர்ந்தால் டாக்டர். இரண்டு வாரத்துக்கு மேல் போகாத கட்டி, காரணமில்லாமல் இறங்கும் எடை, இதற்கும் அப்படியே.

வருஷங்கள் கழித்து வருகிறவை

வேலைக்கு வந்த மூன்றாவது வருஷம், 2018. எடை 71இலிருந்து 79க்கு ஏறியது. மத்தியானம் கீபோர்டிலேயே தூக்கம். நாசி லெமாக்கும் தே தாரிக்கும் செய்கிற வேலை என்று நினைத்தேன், அலாரத்தை முன்னே தள்ளி வைத்து நடக்கப் போனேன், முடியவில்லை. கீழ்வீட்டுக்கார அக்கா ஒரு நாள் படிக்கட்டில் நிறுத்தி, "தம்பி, பசியாறியாச்சா? ஏன் தம்பி மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு? குரலும் கட்டையா இருக்கு" என்றார். அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்காததை அவர் கவனித்தார். தைராய்டுக்கான ரத்தச் சோதனை டி.எஸ்.எச். பார்த்தால் 38. நாலைத் தாண்டினாலே அதிகம்.

ஆறு வருஷத்துக்கு முன் கழுத்தில் பட்ட ரேடியேஷன் தைராய்டை மெதுவாகத் தேய்த்திருக்கிறது. கழுத்தில் ரேடியேஷன் எடுத்த எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது டி.எஸ்.எச். பார்க்கவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது கீமோ மயக்கத்தில் காதில் விழவில்லை. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் மனிதனானேன்.

உங்களுக்கு வரக்கூடியது வேறாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிற பெண்கள் காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு வந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. காலில் ரத்தம் கட்டக்கூடும் என்பதால், ஊருக்குப் போகும் விமானத்தில் நாலு மணி நேரம் அசையாமல் உட்காராதீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் டமாக்சிஃபென் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், பாராக்ஸிடின் மாதிரிச் சிலது அதன் வேலையைக் குறைத்துவிடும். அக்குளில் நெறிக்கட்டிகளை ஆபரேஷனில் எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் வருஷங்கள் கழித்தும் வரலாம். அந்தக் கையில் வெட்டுக்காயம், கொசுக்கடிப் புண் எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ போட்டவர்கள் காது கேட்பதைப் பாருங்கள். வாய், தொண்டையில் ரேடியேஷன் எடுத்தவர்கள் பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் தாளைக் காட்டுங்கள், தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. இளம் வயதில் நெஞ்சில் ரேடியேஷன் எடுத்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை, சிகிச்சை முடிந்த 8ஆம் வருஷத்திலோ 40 வயதிலோ, எது முந்துகிறதோ அப்போது ஆரம்பிக்கவேண்டும்.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எப்போது என்று டாக்டர் சொல்வார். எனக்கு அதோடு சொந்தமாக ஒரு கணக்கும் உண்டு, பத்துமலை. 272 படி. வந்த வருஷம் நாலு இடத்தில் நின்றேன், குரங்குகள் பார்த்துச் சிரித்தன. அடுத்த வருஷம் இரண்டு. 2018இல், தைராய்டு தெரிவதற்கு முன், ஆறு இடத்தில் நின்றும் உச்சியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றே டாக்டரிடம் போயிருக்கவேண்டும். படியில் நெஞ்சு அழுத்தினால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், இறங்குங்கள்.

வருஷா வருஷம் பிறந்தநாள் வாரத்தில் தாளைத் திருத்துகிறேன். புது மாத்திரை, புது ரிப்போர்ட், தேதி. அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனை. காலை ஏழரைக்கு லேப் திறக்கும்போதே போய்விடுவேன், தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகுதான் போடுவது. மாத்திரைக்குப் பின் அரை மணி நேரம் வயிறு காலியாக இருக்கவேண்டும், காப்பிகூடக் கூடாது. அந்த அரை மணி நேரம் எதிர்க் கடையில் தோசைக்கல் சுடச்சுட இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைக்காரத் தம்பிக்குப் பழகிவிட்டது. "அண்ணே, டைம் ஆச்சா?" என்று அவரே கேட்டு மாவை ஊற்றுவார்.